ஜனாதிபதியின் நாட்டில் பிரதமர்: வாசகர் கேள்வி பதில்

இலங்கையின் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரதமரைப் பற்றியே கேட்கின்றன. நாடாளுமன்றச் செய்தியாளர் மாடத்தில் அமர்ந்தே என் தொழில் வாழ்க்கையைக் கழித்தவன் நான். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத எனக்குக் கூடுதல் ஆசை உண்டு.

அரசியலமைப்பின் 30ஆவது உறுப்புரை ஜனாதிபதியை அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், நிறைவேற்றுத்துறையின் தலைவர், முப்படைகளின் தளபதி என்கிறது. அமைச்சரவைக்கும் அவரே தலைவர். பிரதமருக்கு என்னதான் மிச்சம்?
(அரசறிவியல் மாணவி, மட்டக்களப்பு)

நாடாளுமன்றம் மிச்சம். ஜனாதிபதி அவைக்கு வரலாம், உரையாற்றலாம். ஆனால் அங்கே அவருக்கு வாக்கு இல்லை. அமர்வு நாட்களிலெல்லாம் உட்கார்ந்து எதிர்க்கட்சியின் கேள்விகளை அவர் எதிர்கொள்வதுமில்லை. வேறோர் இடத்தில் எடுக்கப்பட்ட முடிவுக்காக அவையில் எழுந்து நிற்க ஒருவர் தேவைப்படுகிறார். பெரும்பாலான காலங்களில் அந்த வேலைதான் பிரதமரின் வேலையாக இருந்திருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இறுதிப் போர் நடந்த காலத்தில் பாதுகாப்பு அமைச்சு ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவிடம் இருந்தது. அமைச்சின் செயலாளர் அவருடைய தம்பி கோட்டாபய. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க. அவசரகாலச் சட்டத்தை மாதந்தோறும் நீடிக்க வேண்டும். அந்தப் பிரேரணையை மாதந்தோறும் அவையில் முன்வைத்தவர் அவர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் வன்னியில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாருடைய உத்தரவில் எது நடந்ததோ, அவர் அந்த மண்டபத்தில் இல்லை. பொறுப்பும் அதிகாரமும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தால் மக்கள் பிரதிநிதியின் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. இந்த முறையின் மீது எனக்குள்ள முதல் கோபம் அதுதான்.

மாணவி என்பதால் ஒரு தொழில் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய அரசாங்கம் அமைந்ததும் எந்த அமைச்சருக்கு எந்த விடயதானங்கள், எந்தத் திணைக்களங்கள் என்று அதிவிசேட வர்த்தமானி, அதாவது சிறப்பு அரசிதழ், வெளியாகும். பிரதமரின் பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2010இல் பிரதமரான டி. எம். ஜயரத்னவின் கையில் இருந்தது புத்த சாசன, மத விவகார அமைச்சு. நிதியும் பாதுகாப்பும் ஜனாதிபதியிடம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தியாவில் பிரதமரே எல்லாம். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறார். இலங்கையில் இது எப்போது தலைகீழானது?
(வாசகர், திருச்சி)

1978இல். அதற்கு முன் இலங்கையும் உங்கள் முறையில்தான் இருந்தது. 1972இல் குடியரசானபோது ஜனாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ சடங்கு நிலைத் தலைவர். ஆட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவிடம்.

ஜே. ஆர். ஜயவர்தன இந்த மாற்றத்தை நெடுங்காலமாக மனத்தில் வைத்திருந்தார். டட்லி சேனநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தபோதே, 1966இல், நாடாளுமன்றத்தின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படாத, குறித்த காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் வேண்டும் என்று பேசினார். டட்லிக்கு அதில் உடன்பாடில்லை. 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. பிரதமரான ஜே. ஆர். அந்த ஆண்டே அரசியலமைப்பைத் திருத்தி, 1978 பெப்ரவரி 4ஆம் தேதி ஜனாதிபதியாகிவிட்டார். புதிய அரசியலமைப்பு செப்டம்பர் 7ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பிரதமராக அவர் நியமித்தவர் ஆர். பிரேமதாச.

அந்த வேளையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அ. அமிர்தலிங்கம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள். ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மைக்கு முன்னால் அந்தப் பதினெட்டுப் பேரால் எதைத் தடுத்திருக்க முடியும்?

இத்தனை பிரதமர்களில் உண்மையான செல்வாக்கு யாருக்கு இருந்தது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டி)

பிரேமதாசவுக்கு என்பேன். காரணம் பிரதமர் என்ற பட்டம் அல்ல. அவரிடம் இருந்த வீடமைப்பு அமைச்சு. 1978இல் ஒரு இலட்சம் வீடுகள் திட்டம், 1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம், ஊர் ஊராகக் ‘கம் உதாவ’ (கிராம எழுச்சி) விழாக்கள். வீடற்றோருக்கென ஓர் ஆண்டை அறிவிக்க வேண்டும் என்று 1980இல் ஐ.நா. பொதுச்சபையில் யோசனை சொன்னவரும் அவரே. 1987 அப்படி அறிவிக்கப்பட்டது. கிராமத்து மக்களிடம் தனக்கென ஒரு பிடிமானத்தை அவர் செங்கல் செங்கலாகக் கட்டிக்கொண்டார்.

ஆனால் அந்தச் செல்வாக்கின் எல்லையும் அதே 1987இல் தெரிந்தது. ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆரும் இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாட்டின் பிரதமர் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். எதிர்த்து என்ன செய்ய முடிந்தது? கையெழுத்து விழாவுக்குப் போகாமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான். அதே மனிதர் 1989 ஜனவரியில் ஜனாதிபதியானார். அந்த ஒப்பந்தத்தின்படி வந்திருந்த இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று ஜூன் மாதம் பகிரங்கமாகக் கேட்டார். 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலேறியது. மனிதர் ஒருவரே, கருத்தும் ஒன்றே. இரண்டு பதவிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

சிறிமாவோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960இலும் 1970இலும் முழு அதிகாரத்தோடு ஆண்டவர். 1980இல் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டவர். 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானபோது மீண்டும் பிரதமரானார். பதவியின் பெயர் அதேதான், உள்ளடக்கம் போயிருந்தது. 2000 ஆகஸ்டில் விலகினார். அக்டோபர் 10ஆம் தேதி பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் காலமானார்.

2002 போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ரணில், அன்று பிரதமர்தானே? அதிகாரமில்லாதவரோடு ஏன் ஒப்பந்தம் செய்தார்கள்?
(வாசகி, வவுனியா)

உங்கள் ஊரில் வைத்துத்தான் அவர் 2002 பெப்ரவரி 22ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார். முந்தின நாள் பிரபாகரன் வன்னியில் கையெழுத்திட்டிருந்தார்.

‘அதிகாரமில்லாதவர்’ என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். 2001 டிசம்பர் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவின் அணி வென்றிருந்தது. ஜனாதிபதி சந்திரிகா சுதந்திரக் கட்சி. அவர் தலைமை தாங்கிய அமைச்சரவையில் இருந்த மற்றவர்கள் அவருடைய அரசியல் எதிரணியினர். பாதுகாப்பு அமைச்சுகூட ரணிலின் கட்சியைச் சேர்ந்த திலக் மாரப்பனவிடம் போயிருந்தது. ஆக, அந்த இரண்டு ஆண்டுகளில் பிரதமர் பதவிக்கு உயிர் இருந்தது. நாடாளுமன்றம் பின்னால் நின்றதால் வந்த உயிர் அது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி திறந்ததும், பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த குடும்பங்கள் முகமாலையைத் தாண்டி வந்து ஒருவரையொருவர் பார்த்ததும் அந்த அதிகாரத்தின் விளைவுகள்தான். அந்த நாட்களில் வடக்கே போன பஸ்களில் இருந்த முகங்களை நினைத்தால் இப்போதும் எழுதும் கை நின்றுவிடுகிறது.

அந்த உயிர் இரவல் உயிர் என்பதே சிக்கல். அன்றிருந்த விதிப்படி, பொதுத்தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்துவிட்டால் ஜனாதிபதி நினைத்தபோது நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். எந்த அமைச்சையும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உடன்படிக்கையைப் பற்றி அவருக்கு முன்கூட்டியே முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. 2003 அக்டோபர் முடிவில் விடுதலைப் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான முன்மொழிவை வெளியிட்டார்கள். சில நாட்களில், நவம்பர் 4ஆம் தேதி, ரணில் அமெரிக்காவில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்நாட்டு விவகாரம், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் சந்திரிகா தம் கையில் எடுத்துக்கொண்டார். 2004 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஏப்ரல் தேர்தலில் ரணில் தோற்றார்.

போர் மீண்டதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையிலிருந்து புலிகள் விலகியது 2003 ஏப்ரலிலேயே. முழு அதிகாரம் கொண்ட பிரதமர்களும் தமிழர்களோடு செய்த உடன்பாட்டைக் காப்பாற்றவில்லை. 1957இல் பண்டாரநாயக்கவும், 1965இல் டட்லியும் செல்வநாயகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் என்ன ஆயின என்று நம் எல்லோருக்கும் தெரியும். இருந்தும், எதிர்காலத்தில் யாராவது கொழும்போடு ஒரு உடன்பாட்டுக்குப் போனால், எதிரே அமர்ந்திருப்பவரின் கையெழுத்து மறுநாள் ஒரு வர்த்தமானியால் செல்லாமல் போகுமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

நாங்கள் வாழும் பிரான்சிலும் ஜனாதிபதி, பிரதமர் இருவரும் உண்டு. இலங்கை முறை பிரெஞ்சு முறையின் நகல் என்கிறார்களே?
(வாசகர், பாரிஸ்)

ஜே. ஆருக்கு டி கோல் உருவாக்கிய ஐந்தாம் குடியரசு முன்மாதிரிகளில் ஒன்று. நகல் என்று சொல்ல மாட்டேன். 1958ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பு நாட்டின் கொள்கையை வகுத்து நடத்துவது அரசாங்கம் என்கிறது. அந்த அரசாங்கத்தை வழிநடத்துபவர் பிரதமர் என்கிறது. இலங்கையிலோ ஜனாதிபதியே அரசாங்கத்தின் தலைவர். பிரெஞ்சுப் பிரதமர் தாமே விலகல் கடிதம் கொடுத்தால்தான் பதவி முடியும் என்பது எழுத்திலுள்ள விதி. ஜனாதிபதிக்குச் சொந்தப் பெரும்பான்மை இருக்கும் காலங்களில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

நாடாளுமன்றம் எதிரணி கைக்குப் போகும்போது அந்த வேறுபாடு தெரியும். 1986இல் மித்தெரானுக்கு எதிரே சிராக், 1993இல் பலதூர், 1997இல் சிராக்குக்கு எதிரே ஜோஸ்பான். ஜோஸ்பான் ஐந்தாண்டு ஆண்டார். வாரத்துக்கு 35 மணி நேர வேலைச் சட்டம் அவருடைய அரசாங்கத்தின் சட்டம், ஜனாதிபதி விரும்பிக் கொண்டுவந்ததல்ல. அண்மைக் காலத்தில் யாருக்குமே பெரும்பான்மை இல்லாத அவையை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2024 செப்டம்பரில் பதவியேற்ற பார்னியே டிசம்பர் 4ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்தார். நியமிப்பவர் மக்ரோனாக இருந்தாலும் நிலைக்கவைப்பது அவைதான்.

2018இல் ஐம்பது நாள் நடந்தது இரண்டு தலைவர்களின் நாற்காலிச் சண்டை. அதில் கூட்டமைப்பு ஏன் ரணிலைக் காப்பாற்றியது?
(வாசகர், வெள்ளவத்தை)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் முடிவோடு உடன்பட மாட்டேன்.

2015இல் நிறைவேறிய 19ஆவது திருத்தம், பிரதமரை ஜனாதிபதி தம் விருப்பப்படி நீக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. நாலரை ஆண்டு முடியும் முன் அவையைக் கலைக்கவும் தடை விதித்தது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த ஆட்சியின் ஜனாதிபதியான மைத்திரிபால சிறிசேனவே 2018 அக்டோபர் 26ஆம் தேதி இரவு ரணிலை நீக்கிவிட்டதாக அறிவித்து மகிந்தவைப் பிரதமராக்கினார். ரணில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார். மகிந்தவுக்குப் பெரும்பான்மை சேரவில்லை என்று தெரிந்ததும், நவம்பர் 9ஆம் தேதி அவை கலைக்கப்பட்டது.

அதை எதிர்த்து, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனும் ஒருவர். வழக்கின் தீர்ப்பு இன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நவம்பர் 13ஆம் தேதி நீதிமன்றம் கலைப்பை இடைநிறுத்தியது. மறுநாள் கூடிய அவையில் மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம். 16ஆம் தேதி சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடு உள்ளே வர வேண்டியிருந்தது. மிளகாய்த் தூள் வீசினார்கள், நாற்காலிகள் பறந்தன. என்னைப் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் மரியாதையோடு பார்த்த மண்டபம் அது. அன்று நான் அழுதேன்.

டிசம்பர் 3ஆம் தேதி, 122 உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், மகிந்தவும் அவருடைய அமைச்சர்களும் பதவியில் செயற்பட மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. 12ஆம் தேதி ரணில் மீதான நம்பிக்கைத் தீர்மானம் 117 வாக்குகளால் நிறைவேறியது. அதில் 14 கூட்டமைப்பின் வாக்குகள். 225 பேர் அவையில் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அந்தப் பதினான்கையும் கழித்துப் பாருங்கள். மறுநாள் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். 16ஆம் தேதி ரணில் மீண்டும் பதவியேற்றார்.

ரணில் தமிழர்களுக்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஓர் இரவில், ஒரு கடிதத்தால், நாடாளுமன்றத்தின் நம்பிக்கை பெற்றவரைத் தூக்கிவிடலாம் என்று ஆகிவிட்டால், எண்ணிக்கையில் சிறிய இனத்தின் பிரதிநிதிகளுக்கு அந்த அவையில் இருக்கும் பேரம் பேசும் வலிமையும் அன்றோடு போய்விடும். சம்பந்தன் அதைப் புரிந்துகொண்டிருந்தார். அவரோடு பல விஷயங்களில் மாறுபட்டவன் நான். இந்த ஒன்றில் அவர் செய்தது சரி.

அந்த வெற்றி நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் வந்தது. பிரதமரை நீக்கும் அதிகாரம் மீண்டும் ஜனாதிபதியிடம் போனது.

ஒரு தொகுதியில்கூட வெல்லாத கட்சியின் தலைவர் 2022இல் ஜனாதிபதியானது எப்படி? இங்கே நண்பர்களுக்கு விளக்க முடியவில்லை.
(வாசகர், சென்னை)

பிரதமர் பதவி வழியாக. 2020 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம், அதாவது நாடளாவிய மொத்த வாக்குகளின் விகிதப்படி கட்சிக்குக் கிடைக்கும் ஆசனம். அதில் ரணில் அவைக்கு வந்தார். 2022 மே 9ஆம் தேதி மக்கள் போராட்டத்தின் அழுத்தத்தில் மகிந்த பிரதமர் பதவியிலிருந்து விலகினார். நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று ஜனாதிபதி கருதுபவரே பிரதமர். கோட்டாபய மே 12ஆம் தேதி ரணிலை நியமித்தார். ஜூலை 13ஆம் தேதி மாலைதீவுக்குத் தப்பியோடியபோது அவரையே பதில் ஜனாதிபதியாக்கினார். 20ஆம் தேதி நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலைத் தேர்ந்தெடுத்தது.

இதற்கு முன்பும் இந்தப் பாதையில் ஒருவர் போயிருக்கிறார். 1993 மே 1ஆம் தேதி பிரேமதாச கொல்லப்பட்டதும் பிரதமராக இருந்த டி. பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதியானார். ஒரு வாரத்துக்குள் நாடாளுமன்றம் அவரையே உறுதிப்படுத்தியது. ஆகவே பிரதமர் யார் என்பது அற்பமான கேள்வி அல்ல. நாட்டின் மிகப் பெரிய அதிகாரம் மக்களின் நேரடி வாக்கில்லாமல் கைமாறக்கூடிய முக்கியமான வாசல் அவருடைய பதவி.

பேசாமல் பிரதமர் பதவியை ஒழித்துவிட்டால் செலவாவது மிச்சமாகுமே?
(வாசகி, ஹட்டன்)

ஒழிக்க வேண்டியது மற்றதை. 1994இல் சந்திரிகா, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை அடுத்த ஆண்டு ஜூலைக்குள் ஒழிப்பதாகச் சொன்னார். 2015இல் மைத்திரிபால சொன்னார். 2024இல் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தியும் தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் அதற்கு 159 ஆசனங்கள் கிடைத்தன, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பிரதமர் ஹரிணி அமரசூரிய படித்தவர், அவையில் நிதானமாகப் பதில் சொல்கிறார், கல்வி அமைச்சும் அவரிடம் இருக்கிறது. ஆனாலும் நான் மேலே எழுதிய எதுவும் தனிமனிதர்களின் நல்ல குணத்தால் மாறக்கூடியதல்ல.

புதிய அரசியலமைப்பு வரைவு ஒன்று வெளியானால், முன்னுரையை விட்டுவிட்டு மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: பிரதமரை யார், எந்தக் காரணத்துக்காக நீக்கலாம், அவையை எவ்வளவு காலத்துக்குள் கலைக்க முடியாது, பாதுகாப்பும் நிதியும் யார் கையில். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த இதழிலும் பதில் சொல்கிறேன்.